ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்றால் நோய் இல்லையா?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடித்து வரும் ஒருவருக்குக் குளிர்காய்ச்சல் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து லேபில் ரத்தம் கொடுக்கிறார். மலேரியா நெகட்டிவ் என்று வருகிறது. பாராசிட்டமால் போட்டுக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போகிறார். இரண்டு நாளில் மறுபடி உடம்பு உதறுகிறது. இந்த முறை எடுத்த ரத்தத்தில் மலேரியா இருக்கிறது. முதல் லேப் தப்பாகப் பார்த்துவிட்டதா என்று வீட்டில் கேட்பார்கள். பெரும்பாலும் அப்படி இருக்காது. முதல் நாள் எடுத்த துளி ரத்தத்தில் கிருமி கண்ணில் படும் அளவுக்குப் பெருகியிருக்காது.

ஒட்டுண்ணிகளின் போக்கே இப்படித்தான். ஒரே கிருமி நம் உடம்புக்குள் பல உருவம் எடுக்கிறது. உருவம் மாறும்போது இடமும் மாறுகிறது. மலேரியாக் கிருமி முதலில் ஈரலில் தங்கிவிட்டுப் பிறகே ரத்தத்துக்கு வரும். யானைக்கால் புழுவின் குஞ்சுகள் இரவில்தான் விரல்நுனி ரத்தத்தில் கிடைக்கும். வயிற்றுப் பூச்சிகளில் ஒன்று, குடலை விட்டு வெளியே வந்து முட்டையிட்டுப் போகும். ஆகவே பரிசோதனைக்கு எதை எடுத்தார்கள், எப்போது எடுத்தார்கள், எத்தனை முறை எடுத்தார்கள் என்பதை வைத்துத்தான் அந்த முடிவுக்கு மதிப்பு. மருந்துக்கும் இதே கணக்கு உண்டு. ஓர் உருவத்தைக் கொல்லும் மாத்திரை இன்னோர் உருவத்தை ஒன்றும் செய்யாது. இது மனதில் பதிந்தால் மருத்துவர் ஏன் மறுபடி ரத்தம் கேட்கிறார், காய்ச்சல் விட்ட பிறகும் ஏன் மாத்திரை தருகிறார் என்பதெல்லாம் விளங்கிவிடும்.

மண்ணீரலில் கிடைத்த விடை

தேடும் இடம் எவ்வளவு முக்கியம் என்பதற்குச் சென்னையிலேயே ஒரு பழைய சான்று இருக்கிறது. காலா அசார் என்ற நோயில் காய்ச்சல் மாதக்கணக்கில் நீடிக்கும், மண்ணீரல் வீங்கும், உடம்பு கறுத்து மெலியும். குயினைனுக்குக் கட்டுப்படாத ஏதோ ஒரு மலேரியா என்றே அக்கால மருத்துவர்கள் பலர் நினைத்தார்கள். 1903-ல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டோனவன், நோயாளிகளின் மண்ணீரலிலிருந்து எடுத்ததை நுண்ணோக்கியில் பார்த்தார். அதில் இருந்தது மலேரியாவே இல்லை, வேறொரு கிருமி. அதே ஆண்டில் வில்லியம் லீஷ்மன் என்ற ராணுவ மருத்துவரும், டம்டம் முகாமில் நோய் பிடித்து இறந்த ஒரு சிப்பாயின் மண்ணீரலில் கண்டதை வெளியிட்டார். இருவர் பெயரையும் சேர்த்து அந்தக் கிருமிக்கு லீஷ்மேனியா டோனவானி என்று பெயர் வைத்தவர் ரொனால்ட் ராஸ்.

இன்று காலா அசார் பெரும்பாலும் பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களின் சில மாவட்டங்களோடு நிற்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல் விடாமல் இருந்து, மண்ணீரலும் பெருத்திருந்தால் மருத்துவர் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். இப்போது ஒரு துளி ரத்தத்தை வைத்தே பார்க்கும் கார்டு பரிசோதனை உண்டு. மருந்தும் ஒரே நாளில் ஏற்றி முடிக்கும் லைபோசோமல் ஆம்ஃபோடெரிசின் ஊசிதான்.

சென்னை மலேரியா எங்கிருந்து வருகிறது?

மலேரியா என்றால் காடும் சதுப்பு நிலமும் நினைவுக்கு வரும். சென்னையின் மலேரியா மொட்டைமாடியில் பிறக்கிறது. இங்கே அதைப் பரப்புவது அனாஃபிலிஸ் ஸ்டீபென்சி என்ற கொசு. சாக்கடையை அது அவ்வளவாக நாடாது. தெளிந்த தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும். மூடாத மேல்நிலைத் தொட்டி, சம்ப், கிணறு, கட்டடம் கட்டும் இடத்தில் தேக்கிவைத்த நீர் எல்லாம் அதற்குத் தோது. முட்டை கொசுவாக மாற ஒரு வாரம், பத்து நாள் போதும். அயப்பாக்கத்தில் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தின் வளாகம் இருக்கிறது. தேசிய மலேரியா ஆராய்ச்சி நிறுவனத்தின் சென்னைக் கள ஆய்வுப் பிரிவு, பல ஆண்டுகளாக அங்கிருந்துதான் நகரத்தின் கிணறுகளையும் தொட்டிகளையும் ஆராய்ந்து வந்திருக்கிறது. அம்பத்தூர்க்காரர்களுக்கு இது நாலு தெரு தள்ளி நடந்த ஆராய்ச்சி.

இந்தக் கொசு இப்போது நாடு விட்டு நாடு போகிறது. 2012-ல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் தென்பட்டது. அங்கிருந்து பக்கத்து நாடுகளுக்குப் பரவியது. 2016 செப்டம்பரில் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அதே ஆண்டின் இறுதியில் மன்னாரில் இந்தக் கொசுவைக் கண்டார்கள். கொசு மட்டும் வந்தால் நோய் வராது. கிருமி ஏறிய ஒரு மனிதரும் வேண்டும். அவரைக் கடித்த கொசுவின் உடம்பில் கிருமி வளர ஏறக்குறைய 10 முதல் 14 நாள் ஆகும். அதற்குள் அவருக்குச் சரியான மருந்து கிடைத்துவிட்டால் அடுத்து கடிக்கும் கொசுக்களுக்குக் கிருமி கிடைக்காது.

தமிழ்நாட்டில் மலேரியா முன்பிருந்த அளவுக்கு இல்லை. 2030-க்குள் நாட்டிலிருந்தே அகற்றுவது இந்தியாவின் இலக்கு. நோய் குறையக் குறைய ஒரு புதுச் சிக்கல் வருகிறது: மருத்துவரும் லேபும் அதைப் பார்த்துப் பழகும் வாய்ப்பு குறைந்துவிடுகிறது. காய்ச்சல் என்றதும் டெங்கு, டைஃபாய்டு என்று எழுதிவிட்டு மலேரியாவை விட்டுவிடுவது நடக்கிறது. ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் போன்ற மாநிலங்களிலிருந்து வந்து அம்பத்தூரிலும் ஆவடியிலும் வேலை செய்கிறவர்கள் ஏராளம். ஊருக்குப் போய்த் திரும்பியவருக்கு வரும் காய்ச்சலில் மலேரியா பார்த்தே ஆக வேண்டும். இதை அவர்கள் நோய் கொண்டுவருகிறார்கள் என்ற பழியாக யாரும் மாற்றக் கூடாது. கிருமி அவருக்கு ஊரில் ஏறியிருக்கலாம். அதை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோவது நம் தெருவில் மூடாத தொட்டியில் பிறந்த கொசு.

ஒரு துளி ரத்தத்தில் என்ன பார்க்கிறார்கள்?

விரலில் குத்தி எடுத்த ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் இரண்டு விதமாக வைப்பார்கள். ஒன்று தடித்த பூச்சு. நிறைய ரத்தம் ஒரே இடத்தில் குவிந்திருப்பதால் கிருமி இருக்கிறதா என்று தேட இது ஏற்றது. இன்னொன்று மெல்லிய பூச்சு. சிவப்பணுக்கள் தனித்தனியாகத் தெரிவதால் எந்த வகை மலேரியா என்று சொல்லலாம். சாயமேற்றி, குறைந்தது நூறு பார்வைப் புலங்களை நகர்த்தி நகர்த்திப் பார்த்த பிறகே இல்லை என்று எழுத வேண்டும். அவசரத்தில் பார்த்தால் தவறவிடும் வேலை இது.

கார்டு டெஸ்டில் கால் மணி, இருபது நிமிடத்தில் கோடு தெரிந்துவிடும். கிருமி வெளியிடும் புரதங்களை அது காட்டுகிறது. வசதிதான், ஆனால் இரண்டு குறை உண்டு. ரத்தத்தில் கிருமி மிகக் குறைவாக இருந்தால் கோடு வராது. ஃபால்சிபாரம் என்ற மலேரியா வகையில், நோய் குணமான பிறகும் சில வாரங்களுக்குக் கோடு வந்துகொண்டே இருக்கலாம். அதனால் மருந்து வேலை செய்ததா என்று கார்டை வைத்து முடிவு செய்ய முடியாது. பூச்சு எடுத்துத்தான் பார்க்க வேண்டும். முதல் முறை நெகட்டிவ் வந்து சந்தேகம் தீராவிட்டால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் மறுபடி எடுப்பது முறை. காய்ச்சல் ஏறும்போதுதான் எடுக்க வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். எந்த நேரத்திலும் எடுக்கலாம். மருந்து ஆரம்பிக்கும் முன் எடுக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். கடையில் வாங்கிய மாத்திரையைப் பாதி போட்டுவிட்டு லேபுக்குப் போனால் கிருமி குறைந்து முடிவு குழம்பும்.

காய்ச்சல் போன பிறகும் 14 நாள் ஏன்?

சென்னையில் அதிகம் காணப்படுவது வைவாக்ஸ் வகை. இதன் மருத்துவத்தில் இரண்டு வேலை இருக்கிறது. ரத்தத்தில் இருக்கும் கிருமியைக் குளோரோகுயின் மூன்று நாளில் தீர்த்துவிடும். காய்ச்சல் விடும், பசி எடுக்கும், ஆள் எழுந்து நடமாடுவார். ஆனால் வைவாக்ஸின் ஒரு பகுதி ஈரலில் உறங்கிக்கொண்டிருக்கும். குளோரோகுயின் அதைத் தொடாது. வாரங்களோ மாதங்களோ கழித்து அது விழித்து, கொசு கடிக்காமலேயே மறுபடி காய்ச்சலைக் கொண்டுவரும். உறங்கும் அந்தக் கிருமியைக் கொல்லத்தான் பிரைமாகுயின், 14 நாள்.

நம் நாட்டில் பல ஆண்டுகள் இதை 5 நாள்தான் கொடுத்தார்கள். அது நோய் திரும்புவதைத் தடுக்கவில்லை என்று தெரிந்த பிறகே 14 நாள் ஆக்கினார்கள். எழுந்து நடமாடும் ஒருவரை இன்னும் பத்து நாள் மாத்திரை விழுங்கவைப்பது சிரமம். தினக்கூலிக்கு வேலை செய்கிறவர், அறையில் எட்டுப் பேரோடு தங்கியிருப்பவர், நாலாம் நாளே அட்டையை மூலையில் போட்டுவிடுவார். மூன்று மாதம் கழித்து வரும் காய்ச்சலைப் புதுத் தொற்று என்று நினைப்பார். அதற்குள் அந்தத் தெருக் கொசுக்களுக்கும் கிருமி போயிருக்கும்.

பிரைமாகுயின் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்தவர்களுக்கு அது சிவப்பணுக்களை உடைத்துவிடும். இந்த மாத்திரை சாப்பிடும்போது சிறுநீர் கோலா நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளானாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் இதைத் தருவதில்லை. மருத்துவரைக் கேட்காமல் கடையில் வாங்கக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

ஃபால்சிபாரம் வகையின் ஆபத்து வேறு. கிருமி ஏறிய சிவப்பணுக்கள் நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். மூளையும் சிறுநீரகமும் பாதிக்கப்படும். கவனிக்காவிட்டால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்தாகலாம். இதற்கு ஆர்ட்டிமிசினின் வழி மருந்தோடு இன்னொரு மருந்தையும் சேர்த்து மூன்று நாள் தருகிறார்கள். ஒற்றை மருந்தாகக் கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடும் என்பதால் இந்தச் சேர்க்கை. கொசுவுக்குக் கிருமி போகாமல் தடுக்கப் பிரைமாகுயினும் ஒரே ஒரு வேளை உண்டு. நினைவு தப்புதல், வலிப்பு, விடாத வாந்தி, சிறுநீர் குறைதல் இவற்றில் ஒன்று இருந்தாலும் மாத்திரைக்கு இடமில்லை. மருத்துவமனையில் சேர்த்து ஊசியாக ஏற்ற வேண்டும். சீன மூலிகை ஒன்றிலிருந்து ஆர்ட்டிமிசினினைப் பிரித்த தூ யூயூவுக்கு 2015-ல் நோபல் பரிசு கிடைத்தது. புழுக்களுக்கான ஐவர்மெக்டினைக் கண்டறிந்த வில்லியம் கேம்ப்பெல், சதோஷி ஒமுரா இருவரும் அதே பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இரவில் எடுக்கும் ரத்தம்

யானைக்கால் நோயை இங்கே பரப்புவது சாக்கடைக் கொசுவான கியூலெக்ஸ். வளர்ந்த புழு நிணநீர்க் குழாய்களில் குடியிருந்து குஞ்சு பொரிக்கும். குஞ்சுகள் பகலில் நுரையீரல் ரத்தக்குழாய்களில் இருந்துவிட்டு, இந்தக் கொசு கடிக்கும் இரவு வேளையில் தோலுக்கு அருகே வரும். அதனால்தான் சுகாதாரப் பணியாளர்கள் இரவு எட்டரை மணிக்கு மேல் வீடு வீடாக வந்து விரலில் குத்துகிறார்கள். காலையில் எடுத்து ஒன்றும் இல்லை என்று சொன்னால் அதற்குப் பொருள் இல்லை. புழுவின் புரதத்தைக் காட்டும் பட்டைப் பரிசோதனையைப் பகலிலும் செய்யலாம்.

மருந்து டைஎதில்கார்பமசைன், சுருக்கமாக டி.இ.சி. 1947-ல் அமெரிக்காவின் லெடர்லி நிறுவனத்தில் இது உருவானபோது ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். டி.இ.சி. குஞ்சுகளை விரைவில் தீர்க்கும். வளர்ந்த புழுவை முழுதாகக் கொல்லாது. அந்தப் புழு ஐந்தாண்டு அளவில் குஞ்சு பொரித்துக்கொண்டிருக்கும். எனவேதான் ஊரில் எல்லோருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை, பல ஆண்டுகள் தொடர்ந்து மாத்திரை கொடுக்கும் திட்டம் வந்தது. 1996-ல் இதை முன்னோடியாகத் தொடங்கிய இடங்களில் கடலூர் மாவட்டமும் ஒன்று. எனக்கு நோயே இல்லையே, எதற்கு மாத்திரை என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள். உடம்பில் குஞ்சு இருப்பவருக்கு வெளியே எந்த அறிகுறியும் தெரியாமல் இருக்கலாம் என்பதே அதற்குப் பதில்.

கால் வீங்கிய பிறகு இந்த மாத்திரையால் வீக்கம் வடியாது. அப்போது பயன் தருவது தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கில் ஈரமில்லாமல் துடைத்து, காலை உயர்த்தி வைப்பதுதான். புண் வழியாகக் கிருமி நுழையாமல் பார்த்துக்கொண்டால் அடிக்கடி வரும் காய்ச்சலும் வலியும் பெருமளவு குறையும். இந்த நோயில் வரும் விரைவீக்கத்துக்கு அறுவை சிகிச்சை உண்டு.

பூச்சி மாத்திரையும் மலப் பரிசோதனையும்

வயிற்றுப் பூச்சி என்று நாம் ஒரே பெயரில் சொல்வதில் பல வகை. உருண்டைப் புழுவின் முட்டை மலத்தில் எளிதாகத் தெரியும். கொக்கிப்புழு குடல் சுவரைக் கடித்து ரத்தம் உறிஞ்சும். காரணம் தெரியாத ரத்தசோகை என்று வருகிறவர்களிடம் இதைத் தேட வேண்டும். அதன் முட்டை சீக்கிரம் சிதைந்துவிடும் என்பதால், காலையில் எடுத்த மலத்தை மாலையில் கொண்டுபோனால் கிடைக்காமல் போகலாம். ஜியார்டியா என்ற குடல் கிருமி சில நாள் வெளிவரும், சில நாள் வராது. ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று மாதிரி கேட்பது அதனால்தான். அமீபா உயிரோடு நகர்வதைப் பார்க்க வேண்டுமானால் மலம் சூடு ஆறும் முன் நுண்ணோக்கிக்குப் போக வேண்டும்.

குழந்தை இரவில் ஆசனவாயைச் சொறிந்து அழுதால் அது பெரும்பாலும் கீரிப்பூச்சி. அது மலத்தில் முட்டையிடுவதில்லை. இரவில் வெளியே வந்து தோல் மடிப்பில் இட்டுவிட்டுப் போகும். காலையில் கழுவும் முன் செல்லோடேப்பை அங்கே ஒட்டி எடுத்து, கண்ணாடிச் சில்லில் ஒட்டிப் பார்த்தால் முட்டை தெரியும். மலப் பரிசோதனையில் இல்லை என்று வந்ததால் மனதைத் தேற்றிக்கொள்ள முடியாத பூச்சி இது. வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் மாத்திரை போட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி போட வேண்டும். மாத்திரை முட்டையைக் கொல்லாது என்பதால் இந்த இரண்டாவது வேளை.

1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்குப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் அல்பெண்டசோல் தரும் தேசியக் குடற்புழு நீக்க நாள் 2015 முதல் நடக்கிறது. மலம் பார்க்காமலேயே எல்லோருக்கும் தருகிறார்கள். மருந்து மலிவு, பாதுகாப்பானது; ஒவ்வொருவருக்கும் பரிசோதனை செய்வது அதைவிடச் செலவு. ஆனால் பள்ளிப் பிள்ளைக்கு மட்டும் கொடுத்தால் வீட்டுப் பெரியவர்களிடம் பூச்சி தங்கிவிடும். எல்லா வயதினருக்கும் கொடுத்தால் பரவலே நின்றுவிடுமா என்று டிவார்ம்3 என்ற ஆய்வு பார்த்தது. பெனின், மலாவி நாடுகளோடு வேலூர் வட்டாரத்தின் திமிரியும் ஜவ்வாது மலையும் அதற்குக் களமாக இருந்தன.

வேலூர் அவிழ்த்த புதிர்

1980-களில் சி.டி. ஸ்கேன் பரவலானபோது ஒரு குழப்பம் வந்தது. வலிப்போடு வந்த இந்தியர்கள் பலரின் மூளையில் சிறிய வளையம் போல ஒரு புள்ளி தெரிந்தது. சில மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் அது காணாமல் போயிருந்தது. காசநோய்க் கட்டி என்று நினைத்துப் பலருக்கு மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்தார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் குழுவினர் அந்தப் புள்ளியிலிருந்து திசு எடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவற்றில் இருந்தது பன்றி நாடாப்புழுவின் இளம்புழு, அதுவும் செத்துக்கொண்டிருக்கும் நிலையில். காசநோய் மருந்தால் கட்டி கரைந்தது என்று நினைத்தது தவறு. அது தானே கரையக்கூடியது.

பன்றி இறைச்சி சாப்பிடாதவருக்கும் இது வரும். நாடாப்புழு உள்ள ஒருவரின் மலத்தில் வெளியான முட்டை, கழுவாத கை வழியாகவோ பச்சைக் காய்கறி வழியாகவோ வயிற்றுக்குள் போனால் போதும். இங்கும் மருந்தை நிதானமாகத்தான் கொடுக்க வேண்டும். மூளையில் பல புழுக்கள் ஒரே சமயத்தில் செத்தால் வீக்கம் ஏறும் என்பதால், ஸ்டீராய்டைச் சேர்த்து மருத்துவர் மேற்பார்வையில் தருவார்கள். வலிப்புக்குப் பூச்சி மருந்து என்று யாரோ சொன்னதைக் கேட்டு வீட்டிலேயே போட்டுக்கொள்வது ஆபத்து.

மருத்துவரிடம் போகும்போது

கடந்த ஓராண்டில் எந்த ஊரில் தங்கியிருந்தீர்கள் என்று மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். வைவாக்ஸ் மாதங்கள் கழித்தும் எழும் என்பதால் பழைய பயணமும் கணக்கில் வரும். ஏற்கனவே போட்ட மாத்திரைகளின் அட்டையைக் கையில் எடுத்துப் போங்கள். நெகட்டிவ் வந்தும் காய்ச்சல் நிற்கவில்லையா? மறுபடி எப்போது எடுக்கலாம் என்று கேளுங்கள். மலேரியா என்று உறுதியானால் எந்த வகை என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை நாள் மாத்திரை என்பது அதைப் பொறுத்தது. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் மலேரியா ரத்தப் பரிசோதனைக்கும் மருந்துக்கும் காசு இல்லை.

ஆட்களை வேலைக்கு வைத்திருப்பவர்களுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. காய்ச்சலோடு வரும் தொழிலாளியை அன்றே பரிசோதனைக்கு அனுப்புவதும், அந்த 14 நாளும் மாத்திரை விழுங்கினாரா என்று மேஸ்திரியோ சூப்பர்வைசரோ ஒரு வார்த்தை கேட்பதும் பெரிய செலவு பிடிக்கும் காரியங்கள் இல்லை. அவர் தங்கியிருக்கும் கட்டடத்தின் மேல்நிலைத் தொட்டிக்கு இறுக்கமான மூடி போடுவதும், வாரம் ஒருமுறை அதைப் பார்ப்பதும் கட்டடக்காரரின் வேலை. கொசுப்புழு பார்க்க வரும் மாநகராட்சிப் பணியாளரை வாசலோடு அனுப்பிவிடாமல் மொட்டைமாடி வரை விடுங்கள்.